வாத்துத் தைலத்து மயில்

லண்டனில் இருந்த அந்த ஆசிரியருக்கு நான் ஆணா பெண்ணா என்று தெரியாது. விண்ணப்பத்தில் முதலெழுத்தையும் அப்பா பெயரையும் மட்டும் எழுதியிருந்தேன். அதனால் ஒரு வருஷம் முழுக்க நான் அவருக்கு 'அன்புள்ள ஐயா'வாக இருந்தேன். திருத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

அது தபால் வழிப் படிப்பு. லேபிள், சுவரொட்டி, விளம்பரம், கடைப் பலகை எல்லாம் வரையச் சொல்லித் தருவார்கள். இப்போது அதற்கு கிராஃபிக் டிசைன் என்று பெயர் வைத்து, கட்டடம் கட்டி, குளிர்சாதனம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். முப்பதுகளில் பினாங்கில் எனக்குக் கிடைத்தது கப்பலில் வந்த பழுப்பு உறைதான். கான்வென்டில் படித்து முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். வீட்டில் உட்கார்ந்தபடியே வரையக் கற்று வாழ்க்கையில் உயரலாம் என்று போட்டிருந்தது. உட்கார்ந்தபடியே உயரலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

சம்பளம் கட்டியது அக்கா. அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் புருஷன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. அதன் பின்கட்டில் அக்கா சாதிக்காய்த் தைலம் காய்ச்சினாள். பாலிக் புலாவிலிருந்து சாதிக்காய் வரும். பெரிய செப்பு அண்டாவில் தேங்காயெண்ணெயோடு கொதிக்கும். தலைவலி, வயிற்றுப் பொருமல், பூச்சிக்கடி, மனசு சரியில்லாமல் போவது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தைலம். சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, லேபிள் ஒட்டி, ஊர்க் கடைகளுக்குக் கொடுப்பாள். ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோக ஒரு சைக்கிள்காரர் இருந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கரையிலிருக்கும் பிறைக்குப் படகேறி, அங்கிருந்து நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் மிதிப்பார்.

"படி. எனக்கு ஒண்ணும் வேணாம். கடைசில ஒரு ஒழுங்கான மயில் வரைஞ்சு குடு, அது போதும்" என்றாள் அக்கா.

ஏன் மயில் என்று சொல்கிறேன். புருஷன் போன பிறகு தண்ணீர்மலை முருகனிடம் அக்கா ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். தைலம் ஓடினால், ஒவ்வொரு குப்பியிலும் அவன் மயில் இருக்கும் என்று. தைலம் ஓடியது. லேபிளில் மயிலும் இருந்தது. ஆனால் அதைப் பார்த்த ஒரு மனுஷனும் அதை மயில் என்று சொன்னதில்லை. தட்டையான அலகு, குட்டைக் கழுத்து, பலகை போலப் பாதம், பின்னால் தேய்ந்துபோன விளக்குமாறு மாதிரி ஒரு வால். தமிழர்கள் வாத்துத் தைலம் என்றார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் மிஞ்ஞாக் இத்தேக் என்றார்கள். அதுவும் வாத்துத்தான். ஊரே இரண்டு பாஷையில் ஒரே முடிவுக்கு வந்திருந்தது.

அக்கா மட்டும் விடமாட்டாள். வாசலில் யாராவது வந்து "வாத்துத் தைலம் ரெண்டு குடுங்க அக்கா" என்றால், "மயில்" என்று சொல்லித்தான் குப்பியைக் கொடுப்பாள். அவர்களும் "சரிக்கா" என்று வாங்கிக்கொண்டு போய், மறுமாசம் வந்து வாத்துத் தைலம் கேட்பார்கள்.

அந்தத் தைலம் வெறும் தைலம் இல்லை. அது எங்கள் வீட்டு வாசற்கதவு. அக்கா புருஷனின் அண்ணன் தைப்பிங்கில் ரயில்வேயில் இருந்தார். பெரியத்தான் என்று கூப்பிடுவோம். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வருவார். சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை மடித்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"ரெண்டு பொம்பளைங்க தனியா இங்க எதுக்குலா? வந்துருங்க. நம்ம வீட்டுச் சமையக்கட்டு பெருசு."

அவர் நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு அனுப்பலாம். அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வாள்: "தைலம் ஓடுற வரைக்கும் இருக்கேன், பெரியத்தான். நின்னுச்சுன்னா வந்துர்றேன்." புருஷன் காரியம் நடந்த கையோடு அவள் தைப்பிங்கில் கொஞ்ச நாள் இருந்திருக்கிறாள். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லையாம். "ஆனா உப்பு எடுக்கக்கூடக் கேட்டுத்தான்டி எடுக்கணும்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். அதற்குமேல் அவள் தைப்பிங்கைப் பற்றிப் பேசியதில்லை.

இனி படிப்பு.

முதல் பாடம் கோடு. இரண்டாவது வட்டம். வட்டத்தைக் கையாலேயே போடவேண்டும் என்று எழுதியிருந்தது. நான் சம்படத்து மூடியை வைத்துப் போட்டு அனுப்பினேன். 'ஐயாவின் கை மிக உறுதியானது' என்று பதில் வந்தது. சம்படத்துக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

பாடம் போக ஒரு மாசம், திருத்தம் வர ஒரு மாசம். இதிலுள்ள சங்கடம் போகப் போகத்தான் புரிந்தது. நான் செய்த தப்பு தப்பு என்று எனக்குத் தெரிவதற்குள், அதே தப்பை இன்னும் இரண்டு மூன்று பாடங்களில் அழகாகச் செய்து அனுப்பியிருப்பேன். அந்த மனுஷருக்குப் பொறுமை அதிகம். ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையில் அதையே, அதே பணிவோடு, திரும்பத் திரும்ப எழுதுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உறையைப் பிரித்ததுமே கத்துவேன். அக்கா அண்டாவைக் கிண்டிக்கொண்டே, "இங்க கத்தி என்ன, லண்டன்ல கேக்கவா போகுது?" என்பாள்.

ஒரு பாடத்தில் பனிக்காலச் சுற்றுலாவுக்கு ரயில்வே சுவரொட்டி வரையச் சொன்னார்கள். பனியை நான் எங்கே கண்டேன்? ஐஸ் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மாதிரி ஒன்றையும் விடவில்லை. இரண்டு மாசம் கழித்துச் சிவப்பு மையில் கேள்வி வந்தது: 'பனி மிக நன்றாக உள்ளது. ஆனால் ஐயா, மலை முழுவதும் மரத்தூள் கிடப்பது ஏன்?' ஐஸ் என்றால் மரத்தூள் போட்டுத்தானே வைப்பார்கள். உருகிவிடாதா? இதைக்கூட நான்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அடுத்து காலி இடம். இடத்தை நிரப்பாதீர்கள், காலி இடமும் பேசும் என்று ஒரு பாடம் முழுக்க எழுதியிருந்தார்கள். எனக்கு அது மண்டையில் ஏறிக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து, எங்கள் சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் புதுப் பலகை எழுதித்தரச் சொன்னார். அக்காவின் தைலத்தை முதல் முதலாக வாங்கி விற்ற கடை அது. பலகையின் நடுவில் கடைப் பெயரைச் சின்னதாக, லட்சணமாக எழுதி, சுற்றிலும் வெள்ளையாக விட்டேன். அவர் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. மிச்சத்த எப்ப எழுதுவ?"

"அவ்வளவுதான் அண்ணே."

"முழுப் பலகைக்குத்தானேம்மா காசு குடுத்தேன்."

"காலியா இருக்கற இடமும் பேசும் அண்ணே."

அவர் இன்னொரு தடவை பலகையைப் பார்த்தார். "பேசட்டும். ஆனா அது வெங்காயம், பூண்டு, கருவாடுன்னு பேசுமா?"

கடைசியில் வெங்காயம், பூண்டு, கருவாடு, மிளகாய், ஊறுகாய், 'கடன் கேட்காதீர்' எல்லாவற்றையும் எழுதினேன். ஓரத்தில் துளி இடம் இருந்தது. அதில் ஒரு கருவாட்டை வரையச் சொன்னார். வரைந்தேன். அந்தப் பலகை ஜப்பான்காரன் சண்டைக்காலம் வரைக்கும் அங்கே தொங்கியது.

எங்கள் ஊரில் கடைக்குப் போய்ச் சரக்கின் பெயரைச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பைச் சொல்லித்தான் கேட்பார்கள். யானை சாப்பு, சேவல் சாப்பு, கப்பல் சாப்பு. அட்டையில் என்ன படமோ அதுதான் பெயர், அதுதான் நம்பிக்கை. இதைப் பற்றி லண்டன்காரர்கள் ஒரு பாடமும் அனுப்பவில்லை. நானும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அதை ஒரு பாடமாக நினைக்கவில்லை.

பாதி வருஷம் தாண்டியதும் எனக்குக் கண் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எதைப் பார்த்தாலும் குறை தெரிந்தது. தீப்பெட்டியில் எழுத்து சாய்ந்திருந்தது. பஞ்சாங்க அட்டையில் பிள்ளையாருக்கு இரண்டு கையும் ஒரே நீளம் இல்லை. எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டு லேபிள்தான் என் கோபத்துக்கு அதிகம் ஆளானது. அக்கா குப்பிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன்.

"இத வரைஞ்சவனுக்குக் கண்ணு இருந்துச்சா அக்கா?"

"ஒட்டுற வேலையப் பாருடி."

"கழுத்த எங்க வைக்கணும்னுகூடத் தெரியல. மயிலும் பாக்கல, வாத்தும் பாக்கல. அச்சாபீஸ்ல எவனோ தூக்கத்துல கிறுக்கியிருக்கான்."

அக்கா பசையை இன்னும் கொஞ்சம் தடவுவாள்.

இயற்கையைப் பார்த்து வரையும் பாடம் வந்ததும் மயிலைத் தொடங்கினேன். வடக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய தவுக்கேயின் பங்களா இருந்தது. தவுக்கே என்றால் சீன முதலாளி. அந்தத் தோட்டத்தில் மயில் வளர்த்தார்கள். கம்பிக் கதவுக்கு வெளியே தாளும் பென்சிலுமாகப் போய் நின்றேன். மயில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே மேய்ந்தது. வாசற்காவலர் ஒரு சீக்கியர். திருட வந்தவள் இல்லை என்று முடிவு கட்ட அவருக்குச் சில நாள் பிடித்தது. அப்புறம் அவரே உள்ளே போய்க் கடலையைத் தூவி மயிலைக் கதவுப் பக்கம் திருப்பிவிட்டார். நான் கண்ட முதல் மயில் அதுதான். கழுத்து, கொண்டை, கண்ணோரத்து வெள்ளை எல்லாவற்றையும் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மயில் நல்ல மயில். இன்றைக்கும் சொல்வேன். அதில் ஒரு கோடு குறை சொல்ல முடியாது. அதை ஒரு நகலெடுத்து லண்டனுக்குப் பாடமாக அனுப்பினேன். அசலை அச்சாபீஸுக்கு எடுத்துப்போனேன்.

அச்சாபீஸ் சூலியா தெருவில்தான் இருந்தது. முதலாளி ஒரு சீனர், அவரும் எங்களுக்குத் தவுக்கேதான். வெறும் பனியனோடு, விசிறியோடு, கல் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் எப்போதும் உட்கார்ந்திருப்பார். அங்கே படத்தை வழவழப்பான கல்லில் ஏற்றித்தான் அச்சடிப்பார்கள். கல் விலை அதிகம். ஆகையால் ஒரு படம் வேண்டாம் என்று ஆனதும் மணலும் தண்ணீரும் போட்டு அதை அரைத்து எடுத்துவிட்டு, அதே கல்லில் வேறு படத்தை ஏற்றுவார்கள். அரைத்தால் பழைய படம் போனது போனதுதான்.

தவுக்கே என் மயிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இத்தேக் மானா?" என்றார். வாத்து எங்கே என்று அர்த்தம்.

"அது வாத்து இல்ல. மயில். இதுதான் அது" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

அவர் என் மயிலைப் பார்த்தார். சுவரோரம் சாய்த்திருந்த பழைய கல்லைப் பார்த்தார். "அரைச்சிட்டா திரும்ப வராது" என்றார். அரையுங்கள் என்றேன். அரைத்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கழுத்து போனது, விளக்குமாறு போனது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த பழைய லேபிள்களையும் அடுப்பில் போட்டேன்.

புது லேபிள் கட்டு வந்ததும் அக்கா ஒன்றை எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான்டி மயிலு" என்றாள். என் படிப்பில் நான் வாங்கிய மதிப்பெண்களில் அதுதான் பெரியது.

அது தீபாவளிக்கு முன்னால். தீபாவளிக்கு அப்புறம் மளிகைக் கடைக்காரர் எங்கள் குப்பிகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"வாத்து எங்கம்மா?" என்றார் அக்காவிடம்.

"இது மயில் அண்ணே. எப்பவும் மயில்தான். இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்கு."

"எனக்குத் தெரியும்மா. வாங்குறவனுக்குத் தெரியணுமே. போலிச் சரக்குன்னு சொல்லிட்டுத் தொடாமப் போறான். வாத்து வந்ததும் சொல்லி அனுப்புங்க."

அடுத்து சைக்கிள்காரர் நிபோங் திபாலிலிருந்து திரும்பி வந்தார். பெட்டி போன மாதிரியே நிரம்பி வந்தது. "அக்கா, ஒரு சங்கதி சொல்லச் சொன்னாங்க" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "தோட்டத்து லயத்து வீட்டுல ஒரு அம்மா குப்பியத் தொறந்து மோந்து பாத்துட்டுச் சொல்லுது. வாசமெல்லாம் அப்படியே இருக்காம். வாத்துத் தைலத்த எவனோ அப்படியே காப்பியடிக்கிறானாம். பாவம் அந்த அக்கா பொழப்பு போயிரும், ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுன்னு சொல்லிவிட்டாங்க."

அக்கா அவருக்குக் காப்பி கொடுத்தாள். நன்றி சொல்லிவிடச் சொன்னாள்.

இந்த அழகில் லண்டனிலிருந்து உறை வந்தது. என் மயிலுக்கு முதல் தர மதிப்பெண். சிவப்பு மையே இல்லை. அடியில் நீல மையில் ஒரு வரி. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி எழுதியிருக்கான்?"

"இந்த லேபிள் இருந்தா எந்தச் சரக்கும் வித்துப்போகும்னு எழுதியிருக்கார்."

அக்கா மூலையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். "அப்ப அவனுக்கே அனுப்பிச்சிரலாமா?" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

செய்தி எப்படியோ தைப்பிங் போய்ச் சேர்ந்தது. சொந்தக்காரர்கள் இருக்கும்போது தந்தி எதற்கு? பெரியத்தான் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தைப்பூசத்துக்கு வருகிறேன், சாமான்களைக் கட்டி வைத்திருங்கள், கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று. அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் செப்பு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, பின்கட்டில் கவிழ்த்து வைத்தாள். அது கவிழ்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். அவள் இன்னொருத்தி அடுப்படியில் உப்புக்குக் கேட்டு நிற்கப் போகிறாள், அதற்கு வழி போட்டது முதல் தர மயில்.

சரி, வாத்தைத் திரும்ப வரைந்துவிடலாம், அதென்ன பெரிய வித்தையா என்று உட்கார்ந்தேன். யார் வீட்டிலோ கிடந்த பழைய குப்பி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். லேபிள் தைலத்தில் ஊறிப் படம் பாதி கலங்கிப்போயிருந்தது. பார்த்துப் போட்டேன். நல்ல வாத்து வந்தது. குளத்தில் விட்டால் நீந்திப் போகும். அது வேண்டாம், எங்கள் வாத்து வேண்டும். இன்னொன்று போட்டேன். கழுத்து தானாக நீண்டு மயிலாகிவிட்டது. மெல்லிய தாளை மேலே வைத்து அப்படியே இழுத்துப் பார்த்தேன். கை சும்மா இருந்தால்தானே? போகிற வழியிலேயே கோணலை நிமிர்த்திக்கொண்டு போனது. ஒரு வருஷமாகக் கப்பலில் வந்ததெல்லாம் கையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. மளிகைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது வேற வாத்தும்மா" என்றார், யாரோ தெரியாத ஆளை அறிமுகப்படுத்திய மாதிரி.

வேறு வழியில்லாமல் அச்சாபீஸுக்குப் போனேன். தவுக்கே தன் படக்காரரைப் போடச் சொன்னார். அவர் போட்டது சீன வாத்து. பட்டுத் துணியில் இருக்க வேண்டியது. ஜோடியாக வேறு போட்டுவிட்டார். மூவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முன்னாடி போட்டவங்களையே போடச் சொல்லு" என்றார் தவுக்கே.

"அவர் எங்க இருக்கார்?"

அவர் விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். விசிறியால் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தட்டினார். "உன் அக்காதான். இதுலதான் உக்காந்தாங்க. வெள்ளச் சேலை. படம் வேணும்னு கேட்டேன், வரைஞ்சு குடுக்க யாரும் இல்லன்னாங்க. மையும் தாளும் குடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து போட்டாங்க."

சூலியா தெரு வழியாக நடந்து வந்தேன். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் மேலே மோதப் பார்த்துத் திட்டினான். மாசக்கணக்கில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கண்ணு இருந்துச்சா. தூக்கத்துல கிறுக்கியிருக்கான். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, அவள்மேல்.

அவள் முன்கட்டில் துணிமணிகளைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் வரைஞ்சேன்னு ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

அக்கா ஒரு சேலையை மடித்து முடித்தாள். "நீ படிச்சிட்டு இருந்த. நடுவுல எதுக்குச் சொல்லிக் கெடுக்கணும்?"

அச்சாபீஸிலிருந்து வாங்கி வந்த தாளையும் பிசுபிசுத்த மையையும் அவள் முன்னால் வைத்தேன். அந்தத் தாளில் அந்த மையால் போட்டால் கோடு அப்படியே கல்லில் ஏறிவிடும்.

"போடு" என்றேன்.

"என்னத்த?"

"அப்ப போட்டியே, அத."

அக்கா பெட்டியைத் தள்ளி வைத்தாள். பேனாவை எடுத்து, மை தொட்டு, கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப மனசு சரியில்ல, கையும் ஓடல. இந்தத் தடவ ஒழுங்கா மயிலாவே போட்டுர்றேன்" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. வாத்துத்தான் வேண்டும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் போட்டது மயில்தான், அவளுக்கு. ஒரு வருஷமாக அந்த வீட்டில் லண்டன் பாடங்கள் சிதறிக் கிடந்தன. அதில் பாதியை அவள்தான் எடுத்து அடுக்கி வைத்தாள். என் மயிலை வேறு வாரக்கணக்கில் குப்பி குப்பியாக ஒட்டியிருக்கிறாள். ஏதாவது கற்றுத் தொலைத்திருப்பாளோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். முருகா, என் அக்காவுக்கு எதுவும் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த மாதிரி வேண்டுதல் அவனிடம் வேறு யாரும் வைத்திருக்கமாட்டார்கள்.

முதலில் அலகைப் போட்டாள். தட்டையாக வந்தது. கழுத்தை நீட்டப் பார்த்தாள். பாதி வழியில் அவளுக்கே சந்தேகம் வந்து நிறுத்திவிட்டு உடம்பைத் தொடங்கினாள். பாதம் பலகை மாதிரி விழுந்தது. வாலுக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இறகாக, என் மயிலைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். விளக்குமாறு வந்தது. கடைசியாகக் கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்தாள். பழைய கல்லிலிருந்து எழுந்து நடந்து வந்த மாதிரி அது என்னைப் பார்த்தது.

அக்கா பின்னால் சாய்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "போன தடவைக்கு இது தேவல. மயில் மாதிரி இருக்குல்ல?"

ஒரு வருஷமாக நான் ஒரு கோட்டைக்கூடச் சும்மா விட்டதில்லை. "ஆமாக்கா. மயில்தான்" என்றேன்.

தவுக்கே தாளை வாங்கிப் பார்த்தார். என் மயில் இருந்த கல்லை எடுத்து மணலைத் தூவினார். நான் நின்று பார்க்கவில்லை.

மளிகைக் கடைக்காரர் முதல் கூடையை வாங்கும்போது லேபிளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "வந்துருச்சா" என்றார், ஊருக்குப் போயிருந்த ஆளை விசாரிப்பதுபோல. சைக்கிள்காரரின் பெட்டி காலியாகத் திரும்பியது. போலிக்காரனை அக்கா போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டதாகத் தோட்டங்களில் பேசிக்கொண்டார்களாம். அக்கா அதையும் மறுக்கவில்லை. கவிழ்த்து வைத்த அண்டா நிமிர்ந்தது. கட்டிய பெட்டிகளை மட்டும் அவள் பிரிக்கவில்லை. தைப்பூசம் முடியட்டும் என்றாள்.

தைப்பூசத்தன்று பெரியத்தான் தண்ணீர்மலைக்கு வெயிலில் நடந்து ஏறி இறங்கி, மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். முன்கட்டில் கட்டிவைத்த பெட்டிகள் அவர் காலடியிலேயே இருந்தன. பின்கட்டிலிருந்து சாதிக்காய் வாசம் வந்தது.

"தலை வெடிக்குது. அந்த வாத்துத் தைலம் இருந்தாக் கொஞ்சம் குடும்மா" என்றார்.

அக்கா புதுக் குப்பி ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள். "மயில், பெரியத்தான்."

அவர் கண்ணைத் திறந்து, குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மயிலா இது?"

"மயில்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, மயில்னே வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு நெற்றியில் தடவிக்கொண்டார். வெகுநேரம் கண்ணை மூடிச் சும்மா இருந்தார். பிறகு சாப்பிட்டார், கை கழுவினார், வெற்றிலையை எடுத்தார். நான் பின்கட்டு வாசலில் நின்றுகொண்டு காத்திருந்தேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு மென்றார்.

"தைப்பிங்ல ரெண்டு கடைக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்கானுங்க. ஒரு பெட்டி கட்டிக் குடு, ரயில்ல எடுத்துட்டுப் போறேன். அவனுங்க வாத்துன்னுதான் கேப்பானுங்க, நீ கோவிச்சுக்காத" என்றார்.

காலடியில் இருந்த பெட்டிகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெட்டித் தைலத்தோடு பிறைப் படகுக்குப் புறப்பட்டுப் போனார்.

அவர் போன பிறகு நானும் அக்காவும் சாப்பிட உட்கார்ந்தோம். ரசத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு அக்கா எழுந்தாள். மாடத்திலிருந்த உப்பு ஜாடியில் கையை விட்டு, நிறைய அள்ளி, சட்டியில் போட்டுக் கலக்கினாள். திரும்பி வந்து உட்கார்ந்து எனக்கும் ஊற்றினாள். ரசம் உப்புக் கரித்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.